எனாமலில் சுட்ட எச்சில் தட்டுகள்

கதவு எண் பலகைகளுக்கு எனாமல் போடுவதுதான் அக்காவின் தொழில். தகட்டில் கண்ணாடித் தூளைத் தூவி, உலையில் வைத்து உருக்கி, வழவழவென்று எடுப்பாள். தெருவுக்கே அவள் எனாமல் அக்கா.

வீட்டில் மூன்று பேர். சாப்பாட்டு மேசை ஒன்று உண்டு. அதில் இஸ்திரி போடாத துணிகள் குடியிருந்தன. வீட்டுக்காரர் டிவி முன்னால், மகள் போன் முன்னால், ஆளுக்கொரு காகிதத் தட்டு. சாப்பிட்டோமா, வீசினோமா என்று போய்க்கொண்டிருந்தது குடும்பம்.

ஒருநாள் எரிச்சலில், அக்கா ஒரு எச்சில் தட்டைப் பட்டறைக்கு எடுத்துப் போனாள். அதே நசுங்கல், அதே மடிந்த விளிம்பு, அதே எண்ணெய்க்கறை. எல்லாவற்றையும் தகட்டில் தட்டி, எனாமலில் சுட்டெடுத்தாள். அவள் கொண்டுவந்து மேசையில் போட்டிருந்ததைக் குப்பையில் போட எடுத்த வீட்டுக்காரருக்குக் கனம் உறைத்தது.

"என்னது இது?"

"நேத்து நீங்க சாப்பிட்ட தட்டு."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கறையக்கூட விடலையே நீ."

அதன்பிறகு அக்காவுக்குக் கை நிற்கவில்லை. தட்டுகள் பெருகின. சேதி கேள்விப்பட்டு வந்த ஓவியக்கூடத்துக்காரர், "தூக்கியெறியும் நாகரிகத்துக்குச் சரியான சவுக்கடி" என்று கண்காட்சியே வைத்துவிட்டார். திறப்புவிழா விருந்தை அவர் பரிமாறியது காகிதத் தட்டில்.

சிறப்பு விருந்தினர், கூடி உண்பதை மறந்த குடும்பங்களைப் பற்றி, சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினார். பிறகு நின்றபடியே தட்டை வாங்கினார். தட்டு நடுவில் தொய்ந்து, குழம்பு அவர் சட்டைக்கைக்குள் இறங்கியது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர், பீடத்திலிருந்த எனாமல் தட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுல போட்டுக்குங்க சார், கசியாது. எங்க வீட்டுல செஞ்சது."

ஒருவர் எடுத்தால் போதாதா? பீடங்கள் காலியாயின. கனத்த தட்டை நின்றுகொண்டு பிடிக்க முடியாமல் ஆட்கள் தரையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பாவத்துக்கு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசவும் வேண்டியிருந்தது.

"ஐயா, அது கலைப்பொருள்" என்று கூடத்துக்காரர் கெஞ்சினார்.

"அதான் ருசியா இருக்கு" என்றார் விருந்தினர், வாயில் கவளத்தோடு.

சாப்பிட்டு முடித்ததும், பழக்க தோஷம், எல்லோரும் தட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். ணங், ணங் என்று சத்தம் கேட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்தபின் அக்கா குடும்பமே தொட்டிக்குள் குனிந்தது.

"அம்மா, இது காகிதமா, உன்னோடதா?"

"தட்டிப் பாரேன்."

கழுவி அடுக்கும்போது கூடத்துக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கழுவிடாதீங்கம்மா. விருந்தினர் சாப்பிட்ட கறைதான் இப்ப இதுக்கு மதிப்பே. ஒண்ணாவது அப்படியே வேணும்."

மகள் தொட்டிக்குள் கைவிட்டு, விருந்தினர் முதலில் வாங்கிய தொய்ந்த காகிதத் தட்டை எடுத்துக் கொடுத்தாள். "இது அவர் சாப்பிட்டதுதான் சார்."

கூடத்துக்காரர் அதை இரு கைகளாலும் வாங்கி, நடுப்பீடத்தில் வைத்து, விளக்கைத் திருப்பினார். மறுநாள் வந்தவர்கள் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். அச்சு அசல் காகிதம் மாதிரியே இருக்கிறது என்று வியந்தார்கள்.

அக்கா கூடத்துக்காரரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அந்தப் பக்கம் மட்டும் ஃபேன் போடாதீங்க."