வல்வெட்டித்துறைக் கடலில் மூன்றாவது தரம் இறங்காத கதை

ஆழத்தில் மூழ்கப் போகிறவர்கள் கையில் கட்டும் மின்கருவியை மட்டும் நம்பலாமா என்று ஒரு தங்கை எழுதிக் கேட்டிருந்தா. நான் மூழ்கியவள் அல்ல, ஒரே ஒரு நாள் வள்ளத்தில் இருந்தவள். அந்த நாளைச் சொல்கிறேன்.

1995 தொடக்கம். சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்கள். மாலைதீவில் சுற்றுலாக்காரரைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வேலை பார்த்த என் தம்பி லீவில் கோப்பாய்க்கு வந்திருந்தான். எங்கள் ஒழுங்கை முனைக் கோயில் பிள்ளையாருக்குத் தன் கையால் எடுத்த சங்கொன்று கொடுப்பதாக அவனுக்கு நேர்த்திக்கடன். அதனால்தான் நானும் போனேன்.

காலை 5.10க்குச் சைக்கிள்களில் புறப்பட்டோம். ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீற்றர். வழியில் சந்நிதிக் கோயிலில் கும்பிட்டு, 7.40க்கு வல்வெட்டித்துறை. வள்ளத்துக்கும் காற்றடைத்த மூன்று சிலிண்டருக்கும் அறுநூறு ரூபாய். வள்ளக்கார அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தங்கச்சி, கடல் ஆட்டத்தில வயித்தைப் பிரட்டிச் சத்தி வந்தா காத்துப் போற பக்கம் எடுங்கோ. இல்லாட்டி எனக்குத்தான் அபிஷேகம்."

கூடுதல் நேரம் ஆழத்தில் இருந்தால், உடம்பில் சேர்ந்த காற்று மேலே வரும்போது குமிழியாகி ஆளை முடக்கிவிடுமாம். அறுபதடியில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று தம்பியின் கருவி காட்டும். எனக்கு எதையும் கொப்பியில் எழுதும் பழக்கம். 8.45க்குக் கருவி 55 காட்டியது, 35 நிமிடம் இருந்தான். ஒரு மணித்தியாலம் ஓய்வு. பிறகு 23 காட்டியது, 20 நிமிடம் இருந்தான். கிடைத்ததெல்லாம் ஓட்டை விழுந்த சங்குகள்.

11.20க்கு மறுபடி எழும்பினான். கருவி 55 காட்டியது.

"தம்பி, காலமையும் ஐம்பத்தைஞ்சு, இப்பவும் ஐம்பத்தைஞ்சோ?"

"ஓம் அக்கா, இது பிழை விடாது."

"இடையில ஏதும் செய்தனியோ?"

"பற்றரி முடிஞ்சிடும் எண்டு கழட்டி வெயில்ல வைச்சனான்."

பற்றரி கிடைக்காத காலம் அது. றேடியோ பற்றரியை வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்சம் பாடும் என்று வீட்டில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

அண்ணை சிரித்தார். "உன்ரை சாமான் நீ இறங்கினதையே மறந்துபோச்சு. கொக்கா கொப்பியில எழுதாட்டி இண்டைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பம்."

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும் பழைய அட்டவணை ஒன்று தம்பியின் பையில் இருந்தது. பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. கொப்பியை வைத்து இருவரும் பார்த்தோம். ஒரு நிமிடமும் மிஞ்சவில்லை.

"நாளைக்கு நான் வெளிக்கிடோணும். நேர்த்தி?"

"பிள்ளையார் இவ்வளவு நாளும் உன்ரை சங்கு கேட்டே எழும்பினவர்? பேசாமல் இரு" என்றேன்.

இருந்தான், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

கருவி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பற்றரியைக் கழற்றினால் அன்றைக்கு மீண்டும் இறங்காதீர்கள். ஆழத்தையும் நேரத்தையும் மேலே இருக்கும் ஒருவர் எழுதட்டும். சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் போதும்.

பின்னேரம் 3.30க்குத் திரும்பினோம். சந்நிதியில் கற்பூரம் கொளுத்தினேன், கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அச்சுவேலிப் பக்கம் எதிர்க்காற்று. கோபம் ஆறாமலே தம்பி ஒரு கையை என் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.