துபாய்க்கும் போட்ட புகைக் கட்டணம்

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கந்தோரில் எனக்கு வேலை. கப்பலில் சரக்கு அனுப்புவோருக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்போம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதி எழுதித்தான் தொழில் பிடிபட்டது. கறுவா அனுப்பும் ஹாஜியார் ஒருவர் என்னைத் தவிர யாரோடும் கதைக்கமாட்டார். அவருடைய ஃபைல் என் மேசையில் இருக்கும்வரை என்னை வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

ஒரு நாள் ஐரோப்பாவுக்கு, ஹம்பேர்க் போகும் அவருடைய கறுவாப் பெட்டியின் பில்லில் புதிதாய் ஒரு கட்டணம். ஹாஜியார் நேரே வந்துவிட்டார்.

"இது என்னா மகன் புதுசா?"

"துறைமுகச் செலவாயிருக்கும் ஹாஜியார்," என்று முனகினேன்.

பக்கத்து மேசையில், புதிதாய்ச் சேர்ந்த வெள்ளவத்தைப் பிள்ளை நிமிர்ந்தாள். "இல்லை அண்ணா, அது புகைக்கு. ஐரோப்பாவில புகை விடுறதுக்கு அனுமதி வாங்கோணும். குறைய விட்டவை மிச்ச அனுமதியை விக்கலாம், கூட விட்டவை வாங்கோணும். முந்தி மின்நிலையம், ஃபாக்டரி எண்டுதான் இருந்தது. இப்ப அங்க போற கப்பலையும் சேத்திட்டினம். கப்பல்காரர் அதை எங்கட தலையில கட்டினம்."

ஹாஜியார் கதிரையை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதன் பிறகு ஃபோனை நான் எடுத்தாலும், "அந்தப் புள்ள இரிக்கா?" என்றே கேட்டார். அவள் சிரித்துக் கதைக்கும்போது நான் காதை அங்கே வைத்துக்கொண்டு பிழை பிழையாய் டைப் அடிப்பேன்.

அவள் லீவு எடுத்த அன்று ஹாஜியார் துபாய்க்கு விலை கேட்டார். எனக்கும் தெரியும் என்று காட்டிவிட வேண்டும். புகைக் கட்டணத்தைத் தனி வரியாய் எழுதினேன். கூட்டலை மூன்று தரம் சரிபார்த்தேன். அந்தக் கட்டணம் அங்கே வருமா என்று மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் நான் எழுதிய விலைக் கடதாசியோடு வந்து நின்றார்.

"துபாய் எப்ப மகன் ஐரோப்பாக்குப் போன?"

கந்தோரே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "என்ர பிழை ஹாஜியார். அண்ணாவுக்கு நான்தான் வடிவாச் சொல்லேல்லை," என்றாள். பச்சைப் பொய். அவளும் சிரித்திருந்தால் எனக்கு வெறுக்கவாவது வசதியாய் இருந்திருக்கும்.

"அப்ப இனி நீங்களே பாருங்க புள்ள," என்றார் ஹாஜியார். கோபமில்லை. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

ஃபைலை நானே தூக்கிக்கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன்.

"விளங்காட்டி உங்களைத்தான் கேப்பன் அண்ணா," என்றாள்.

இன்றுவரை அவளுக்கு விளங்காதது எதுவும் வரவில்லை.