இரண்டாம் முறை எடுத்த பூ

எங்கள் ஊரில் ஒருவரை அவமானப்படுத்தத் திட்ட வேண்டியதில்லை. அவர் வீட்டுக்குள் வரும்போது "வாங்க" என்று கேட்காமல் இருந்தால் போதும். வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாக வந்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். வந்தவரும் பத்துப் பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட ஒரு ஆளை மட்டும் மறக்காமல் வைத்திருந்து, அடுத்த கல்யாணப் பந்தியில் அதை எடுத்து விடுவார்கள். இப்பேர்ப்பட்ட ஊரில்தான் என் பெரியப்பா மகளும் வந்து பிறந்தாள்.

அக்கா யாரையும் "வாங்க" என்று கேட்க மாட்டாள். திமிர் என்றார்கள். திமிரெல்லாம் இல்லை. "அதான் அஞ்சு பேரு சொல்லிட்டீங்களே, நானும் எதுக்குச் சொல்லோணும்?" என்று பெரியம்மாவிடம் நிஜமான சந்தேகத்தோடு கேட்பாள். பெரியம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அதற்கும் அக்காவுக்குக் காரணம் புரியாது.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்கா நல்ல உயரம். அந்த உயரத்தை என்ன செய்வதென்று தெரியாதவளாகச் சுவரை ஒட்டியே நடப்பாள். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசுவாள். நாலு பேர் சிரித்து முடித்து வேறு பேச்சுக்குப் போன பிறகு, அவளுக்கு மட்டும் அந்த வேடிக்கை எட்டி, தனியாகச் சிரிப்பாள். தப்பாக யாராவது எதையாவது சொல்லிவிட்டால் அவளால் அதை அப்படியே விட முடியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா கரும்பலகையில் போட்ட கணக்கை எழுந்து போய் அழித்துத் திருத்தியிருக்கிறாள். அதற்கு அப்புறம் மத்தியானச் சோற்றுக்கு அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் இருந்த நானும், தோழிகளோடு போகும்போது அவளைத் தெரியாதவள் மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பெரியப்பாவின் பனியன் மிஷின்கள் நாலு ஓடின. வட்டமாகச் சுற்றிச் சுற்றித் துணி பின்னும் மிஷின்கள். அதில் நூற்றுக்கணக்கான ஊசிகளில் ஒன்று உடைந்தாலும் துணியில் நெடுகக் கோடு விழுந்துவிடும். மிஷின் ஓட்டுகிறவர் துணியைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு ஒரு முழம் ஓடிப்போயிருக்கும். அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "ரெண்டாம் மிஷின்ல ஊசி போச்சு" என்பாள். போய்ப் பார்த்தால் போயிருக்கும். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். பெரியப்பாவுக்கு உள்ளூரப் பெருமைதான். "இந்தக் காது எந்த ஊட்டுக்குப் போய் என்ன பாடு படுமோ" என்று கவலையும் உண்டு.

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்தபோது அக்காதான் பள்ளிக்கூடத்தில் முதல். தலைமை ஆசிரியை வீட்டுக்கே வந்து, கோயமுத்தூரில் ஹாஸ்டலில் சேர்த்துக் காலேஜில் படிக்க வைக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் அதுவரை ஆண்பிள்ளைகளே காலேஜ் வாசலை மிதித்ததில்லை. பெரியப்பா காபி கொடுத்து, யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தார்.

அக்கா இது வேண்டும் அது வேண்டும் என்று எதற்கும் நின்றவள் அல்ல. தீபாவளித் துணியைக்கூட யாராவது கையில் கொடுத்தால் கட்டிக்கொள்வாள். அன்றைக்குச் சாயங்காலம் கொட்டகைப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே சொன்னாள்.

"அங்க கணக்கு மட்டுமே நாள் முச்சூடும் சொல்லிக் குடுப்பாங்களாமா. என்னையாட்டம் ரெண்டு பேராச்சும் அங்க இருப்பாங்க கண்ணு."

எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. அவள் குரல் மட்டும் புதிதாக இருந்தது.

அதே மாதம் தாராபுரத்திலிருந்து ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தார்கள். ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம், பையனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். வழக்கப்படி எல்லோரும் "வாங்க" சொன்னோம், அக்காவைத் தவிர. பையனின் அம்மா, "சாப்பாடெல்லாம் ஆச்சுங்க, சாப்பிட்டுப்போட்டுத்தான் பொறப்பட்டோம்" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் உபசாரப் பொய் அது. அக்கா அவர் காதைப் பார்த்து, "இந்த பஸ்சு அங்க ஆறு மணிக்கு எடுக்குது. அஞ்சரைக்கே சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். பெரியம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அந்த அம்மாளோ வாய்விட்டுச் சிரித்தார். "இல்ல கண்ணு, பசிதான். இலையப் போடு" என்றார். நல்ல மனுஷிதான். அதனாலேயே காரியம் சிக்கலானது. குறை சொல்லித் தட்டிக்கழிக்க முடியாத இடம்.

படிப்பா கல்யாணமா என்று பெரியப்பாவுக்கு நாலு நாள் தூக்கமில்லை. கடைசியில் பெரியம்மா, "முருகங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாங்க" என்றாள். எங்கள் பக்கம் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, மனம் இரண்டுபட்டால் பூக் கேட்பார்கள். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் ஒரே மாதிரி இலைப் பொட்டலமாக மடித்து, பூசாரி சாமி முன்னால் வைப்பார். ஒன்றும் அறியாத ஒரு குழந்தை போய் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒன்றும் அறியாத குழந்தையாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முந்தின நாள் அக்கா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு எந்தப் பூ வருமுக்கா?" என்று கேட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

"வலது பக்கம் இருக்கறது வெள்ளை" என்றாள்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"பூசாரி எப்பவும் வெள்ளையத்தான் மொதல்ல மடிப்பாரு. மடிச்சு வலது கைப்பக்கம் வெப்பாரு. நான் பதினோரு தடவை பார்த்திருக்கறேன். ஒம்போது தடவை அப்பிடித்தான் வெச்சாரு."

என்னை ஏவிவிடத்தான் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு உறவில் பேசிக்கொண்டார்கள். அவளை அறியாதவர்கள் பேசிய பேச்சு. மழை வருமா என்று கேட்டிருந்தால் மேகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாள், அவ்வளவுதான். அந்தச் சாமர்த்தியம் மட்டும் இருந்திருந்தால் அவள் பிழைத்துக்கொண்டிருப்பாள்.

தாராபுரம் போகிற வழியில் ஒரு சின்னக் குன்று, மேலே முருகன். காலை பஸ்ஸில் போய் இறங்கிப் படியேறினோம். பெரியப்பா சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, "பொண்ணப் படிக்க அனுப்பலாமா சாமி?" என்று உரக்கக் கேட்டார். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் வாழையிலைத் துண்டில் மடித்து, நார் கட்டி, தட்டில் வைத்துத் தீபம் காட்டினார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் நேரே போய் வலதுபக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன். பிரித்தால் வெள்ளை நந்தியாவட்டை.

பெரியப்பாவின் கண் கலங்கிவிட்டது. "அப்பனே முருகா, அனுப்பீர்றேன்" என்றார். அக்காவைப் பார்த்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு, பூவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் எல்லோரோடும் ஒரே நேரத்தில் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "என்ற தங்கம், எப்பிடிக் கண்ணு தயங்காமப் போயி எடுத்தே? சாமியே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சா?" என்றாள்.

அக்காவுக்குச் சேர வேண்டிய பெருமையைச் சாமிக்கு நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? "வலது பக்கம் இருக்கறது வெள்ளைன்னு அக்கா நேத்தே சொல்லுச்சு" என்றேன்.

பெரியப்பா மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

"சொன்னியா?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்றிருப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை உளறுகிறது என்று விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பெரியப்பாவின் முகத்தை இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் அந்த "இல்லை"க்காகத்தான் காத்திருந்தார் என்று தோன்றுகிறது.

"சொன்னேன்" என்றாள் அக்கா. அதோடு நிறுத்தினாளா? பதினோரு தடவை, ஒன்பது தடவை என்று கணக்கையும் ஒப்பித்தாள். பூசாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானென்ன சாமிய ஏமாத்தறனுங்களா?" என்று கேட்டார். பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, "சாமிகிட்டயே களவாணித்தனமா?" என்றாள். நான் அழத் தொடங்கினேன். களவாணி என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை.

பெரியப்பா அந்த வெள்ளைப் பூவைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். பிறகு, "இது செல்லாது. மறுக்காக் கேக்கலாம். குழந்தையே எடுக்கட்டும், அதுமேல தப்பில்ல" என்றார்.

பூசாரி அதே பூவை அதே இலையில் மறுபடி மடித்து நாரைக் கட்டினார். இரண்டு பொட்டலத்தையும் துண்டுக்குள் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தட்டில் வைத்தார். இந்த முறை வலது இடது செல்லுபடியாகாது. எல்லோருக்கும் திருப்தி.

மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டின் அருகே போனேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒரு பொட்டலம் மடித்தது மடித்தபடி விறைப்பாக இருந்தது. இன்னொன்றில், பிரித்து மடித்ததால் இலை மடிப்போடு நீளமாகக் கிழிந்திருந்தது. முன்பு நான் எடுத்தது அதுதான். வெள்ளை அதற்குள் இருந்தது. பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவரவர் மனக்கலக்கத்தில் இருந்தார்கள்.

என் கை பழக்கத்தில் கிழிந்த பொட்டலத்துக்குத்தான் போனது. உடனே பயம் வந்தது. மறுபடி வெள்ளையை எடுத்தால், மறுபடி களவாணி என்பார்கள். தெரிந்து எடுத்தால் அது களவாணித்தனம்தானே? கையை இழுத்துக்கொண்டேன். நான் நல்ல பிள்ளை என்று சாமிக்கும் பெரியப்பாவுக்கும் காட்டிவிட வேண்டும் என்று, விறைப்பாக இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

செவ்வரளி.

"அவ்வளவுதான்" என்றார் பெரியப்பா. குரலில் கோபமில்லை. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழிசலை அவள் பார்க்காமல் இருந்திருக்கவே முடியாது. என் கை போய்த் திரும்பியதையும் பார்த்திருப்பாள். "இவ தெரிஞ்சேதான் சிவப்ப எடுத்தா" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூவும் செல்லாது, கேள்வியும் செல்லாது. இரண்டு முறை கெட்டுப்போனதைப் பெரியப்பா மூன்றாம் முறை கேட்டிருக்க மாட்டார், தன் மனப்படிதான் முடிவு செய்திருப்பார். அவர் மனம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை வெள்ளைப் பூ வந்தபோதே பார்த்தோம். அக்கா வாயைத் திறந்தாள். என் முகத்தில் இன்னும் காயாமல் இருந்த கண்ணீரைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பட்டுப் பாவாடை எடுத்தார்கள். தாராபுரத்தில் அவளை யாரும் கொடுமைப்படுத்தவில்லை, மாமியார் கடைசிவரை மகளாகவே வைத்திருந்தார். அவள் அங்கே "வாங்க" சொல்லக் கற்றுக்கொண்டாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கும் அந்த "வாங்க" கிடைக்கும், மற்றவர்களுக்குக் கிடைக்கிற மாதிரியே.

அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், நான் அவள் பக்கத்தில். யாராவது தொட்டால் கூசி விலகுகிறவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்கள் முன் சீட்டில் இருந்தார்கள். எனக்கு மனதுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

"அக்கா, ரெண்டாந்தடவை நான் சரியாத்தானே எடுத்தேன்?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என் காதைப் பார்த்தாள்.

"சரியாத்தான் எடுத்தே கண்ணு" என்றாள்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சொன்னது அக்கா. அவள் மடியில் தலை வைத்து, திருப்பூர் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினேன். அவளுக்கும் பொய் சொல்ல வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.