நான்கு சுற்று நடந்த காலை

பக்கவாதம் வந்தபின் என் கணவரைத் தினமும் காலையில் சக்கர நாற்காலியில் வைத்து, பொங்கோல் நீரோடை ஓரமாகத் தள்ளிச் செல்வேன். எவ்வளவு நடந்தோம் என்று காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை மகள் வாங்கித் தந்திருந்தாள். ஆனால் ஒரு மணி நேரம் தள்ளினாலும் அது நான் நடந்ததாகவே காட்டாது. கையை வீசினால்தான் ஏறும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவரை மர நிழலில் நிறுத்திவிட்டு, "ரெண்டு ரவுண்டு போயிட்டு வந்துடுறேங்க" என்று சொல்லிக் கைவீசி நடந்தேன். எண் ஏற ஏற ஆசையும் ஏறியது. இரண்டு சுற்று நான்கானது.

திரும்பி வந்தபோது நிழல் நகர்ந்திருந்தது. முன்பின் தெரியாத ஒரு மலாய்ப் பெண், அவர் தலைக்குமேல் குடை பிடித்தபடி நின்றாள். அவர் சட்டை முழுக்க வியர்வை. நாற்காலியைத் தானே நகர்த்த அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியாதா?

"நீங்கள் தண்ணீர் வாங்கப் போயிருப்பதாக இவர் சொன்னார்" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். என் கையில் தண்ணீர் இல்லை. அவள் அதைப் பார்த்தாள். குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாலையில் மகள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, நீங்க இன்டோர் வாக் அழுத்தியிருக்கீங்க. அவுட்டோர் வாக் போட்டா, கையை வீசாம அப்பாவைத் தள்ளிக்கிட்டே போனாலும் தூரம் காட்டும் லா."

அவர் பக்கத்தில்தான் இருந்தார். காலையில் நடந்ததை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.