ஒரு நேரத்தில் ஆறு

"யாரு கடைசி?"

எந்தக் கடை வாசலுக்குப் போனாலும் சொராய்தாவின் முதல் பேச்சு இதுதான். கூட்டத்தில் ஒரு கை உயரும். அந்த முகத்தையும் சட்டை நிறத்தையும் ஒரு தடவை பார்த்து மனதில் வாங்கிக்கொள்வாள். "உங்களுக்குப் பின்னாடி நான். மறந்துராதீங்க" என்பாள். அடுத்த நிமிடம் ஆளைக் காணக் கிடைக்காது. ரொட்டிக்கு ஓர் இடம், முட்டைக்கு ஓர் இடம், காஸ் சிலிண்டருக்கு ஓர் இடம். கியூபாவில் வரிசையில் இடம் பிடிக்கக் கால் வேண்டியதில்லை, வாய் போதும். ஆனாலும் ஒரே காலையில் மூன்று வரிசையில் இருந்து, மூன்றிலும் தன் முறை வரும் நேரத்தில் வியர்க்காமல் வந்து நிற்க சொராய்தாவால்தான் முடியும் என்பது லா யாகுவாப் பேட்டையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

வயது ஐம்பத்தேழு. குள்ளம், கனத்த உடம்பு. வெயில் கொளுத்தினாலும் தோளில் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் கிடக்கும். அலுவலகச் சாவியை ஊக்கில் கோத்து ரவிக்கையின் உட்பக்கம் மாட்டியிருப்பாள். கதவைத் திறக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். வராந்தாவில் நிற்கும் ஆண்கள் அந்த நேரம் கூரையைப் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

கொசு ஒழிப்பு அலுவலகத்தின் கணக்கீட்டு அறைக்கு அவள் பொறுப்பாளர். அறை என்றால் பழைய மருந்துக் கிடங்கு. பூச்சி மருந்து வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. பொறுப்பு என்றால் ஒரே ஒரு கணினி எந்திரம். எங்கோ ஒரு நாடு நன்கொடையாக அனுப்பியது. பதினாறு கோர், உள்ளே பதினாறு பேர் உட்கார்ந்து தனித்தனியாகக் கணக்குப் போடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். எந்திரத்தின் மேல் அட்டையில் ஒரு வாசகம் எழுதி ஒட்டியிருந்தாள். 'தொடாதீர்கள்' என்று எழுதிப் பார்த்தாள், தொட்டார்கள். இப்போது 'கடிக்கும்' என்று இருக்கிறது.

ஊரில் நாற்பத்தெட்டுப் பேட்டைகள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை தண்ணீர்த் தொட்டி, எவ்வளவு மழை என்பதை வைத்து, அடுத்த இரண்டு வாரத்தில் டெங்கு எங்கே வெடிக்கும் என்று கணக்கிட ஒரு நிரல் உண்டு. கறுப்புத் திரையில் பேட்டையின் பெயரைச் சேர்த்து ஒரு கட்டளை அடித்தால் அந்தப் பேட்டைக்கு விடை வரும். ஒன்று முடிந்து அடுத்தது என்று அடித்துக்கொண்டிருந்தால் நாற்பத்தெட்டும் முடிய பதினைந்து மணி நேரம். ஊருக்கு மின்சாரம் வருவதோ, நல்ல நாளாக இருந்தால், ஒன்பதிலிருந்து ஒன்று வரை.

அதனால் சொராய்தா, அந்தக் கட்டளைகளைத் தானே அடித்துக்கொள்ளும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். நாற்பது வரி. பட்டியலை மேலிருந்து படிக்கும். முதல் ஆறு பேட்டையை ஒரே நேரத்தில் ஓடவிடும். எது முடிகிறதோ அந்த இடத்தில் அடுத்ததை உள்ளே விடும். அதன் தலையிலேயே ஓர் எண்: ஆறு.

"பதினாறு கோர் இருக்கே, ஏன் ஆறு?" என்று கேட்காதவர் கிடையாது. அவளும் சலிக்காமல் சொல்வாள்: "ஒவ்வொண்ணும் வயிறு பெருத்த ஆளு. ஆறு பேரு உக்காந்தா பெஞ்சு நெறைஞ்சிரும். ஏழாவது ஆளு இடிச்சுக்கிட்டு உக்காந்தா அத்தனை பேரும் தட்டத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சு நிப்பாங்க. ஒருத்தனும் சாப்பிட மாட்டான்." மெமரி என்ற சொல்லை அவள் இதற்குப் பயன்படுத்தி யாரும் கேட்டதில்லை.

இன்னும் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. விடை முழுதாக வந்து சேரும்வரை அந்தக் கோப்புக்குப் பேட்டையின் பெயரை வைக்கவிடமாட்டாள். அதுவரை அதன் பெயர் 'பாதி'. "பொறக்கறதுக்கு முன்னாடி பேரு வெச்சா, கரண்டு போன அன்னிக்குப் பாதிப் புள்ளைய முழுப் புள்ளன்னு நம்பிருவோம்." மற்றது, பட்டியலில் பெரிய பேட்டைகள் மேலே, சின்னவை கீழே. பெரியதைக் கடைசியில் விட்டால் அது ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், மற்ற ஐந்து இடமும் ஈ ஓட்டும் என்பது அவள் கணக்கு. லா யாகுவா சின்னப் பேட்டை. பட்டியலில் கடைசி, நாற்பத்தெட்டாவது. தன் பேட்டையை அடியில் வைத்திருப்பதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பரில் ஐந்து நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த ஒரு புதன்கிழமை. சுகாதார ஆய்வாளர் லியூபா காலை எட்டரைக்கே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது, சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றிக் கறுத்தவள்.

"அக்கா, கொசுப்புகை அடிக்கற வண்டிக்குப் பெட்ரோல் வந்திருக்கு. பன்னெண்டு பேட்டைக்குத்தான் காணும். மூணு மணிக்கு வண்டி கெளம்பணும். எந்தப் பன்னெண்டுன்னு நீங்கதான் சொல்லணும்."

"நான் எங்க சொல்றேன்? அது சொல்லும்" என்று எந்திரத்தைக் காட்டினாள் சொராய்தா. ஒன்பது ஐந்துக்கு ஸ்கிரிப்ட்டைத் தட்டிவிட்டாள். ஆறு வரி திரையில் ஓட ஆரம்பித்தன. லியூபா வண்டியைத் தயார் செய்யப் போனாள்.

ஒன்பது இருபதுக்குத் தெருவில் ஒரு குரல்: "முட்டை வந்தாச்சு!"

முட்டை வந்தால் எங்கள் ஊரில் கல்யாணமே பாதியில் நிற்கும். சொராய்தாவுக்கோ அங்கே இடம் இருந்தது, சிவப்புச் சட்டைக்காரருக்குப் பின்னால். பக்கத்து வீட்டு ஒர்தென்சியாவின் ரேஷன் அட்டையும் அவளிடம்தான் இருந்தது. எந்திரம் தன்பாட்டுக்கு ஓடுகிறது. அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டாம் என்பதற்காகத்தானே ஸ்கிரிப்ட்? அவள் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் டாக்டர் அர்செனியோ உள்ளே வந்தார். அலுவலகத் தலைவர். மருத்துவத்தில் டாக்டரா வேறெதிலா என்று யாரும் கேட்டதில்லை. திரையைப் பார்த்தார். பதினாறில் ஆறு கோர் உழைத்துக்கொண்டிருந்தன, பத்து சும்மா இருந்தன. அவர் சும்மா இருப்பவர்களைப் பொறுக்காதவர். ஓடுவதை நிறுத்தினார். ஸ்கிரிப்ட்டின் தலையில் இருந்த ஆறை அழித்தார். பதினாறு என்று அடித்திருக்கலாம். ஆனால் நாற்பத்தெட்டுப் பேட்டைக்கும் சம நீதி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாற்பத்தெட்டு என்றே அடித்தார்.

பத்தேகாலுக்கு சொராய்தா முட்டை அட்டையோடு வந்தபோது எந்திரம் மூச்சு முட்டிக் கிடந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எழுத்து வரவில்லை. அதன் டிஸ்க்கின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் கை கட்டிப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"டாக்டர், என் ஆறை யாரு தொட்டது?"

"பத்து கோர் சும்மா இருந்துச்சு, தோழர். மக்கள் சொத்து. விட்டு வெக்கலாமா?"

"சும்மா இல்ல டாக்டர், உக்கார எடமில்ல. இப்ப பாருங்க, நாப்பத்தெட்டு பேரும் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கறாங்க. ஒரு மணி நேரமா ஒருத்தன் வாயில ஒரு பருக்கை போகல."

"நீங்க இங்க இருந்திருந்தா சொல்லியிருக்கலாம்" என்றார் டாக்டர், முட்டை அட்டையைப் பார்த்தபடி. அவள் அதை மேசைக்கடியில் தள்ளினாள்.

சுவிட்சைப் பிடுங்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. மீண்டும் கிளப்பி, ஆறை அதன் இடத்தில் வைத்து, ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டபோது பத்தரை. நூற்றைம்பது நிமிடம் வேண்டும். நூற்றைம்பது நிமிடம் இருந்தது. ஒரு மணி அடிக்கும்போது முடிந்துவிடும். அன்று அவள் சிலிண்டர் வரிசைக்குப் போகவில்லை. ஒரு அட்டையை எடுத்து எந்திரத்துக்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக முடிந்து விழுந்தன. முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மின்சாரம் போய்விட்டது. பத்து நிமிடம் முன்னதாக. நான்கு மணி நேரம் என்றால் நான்கு மணி நேரம்தான் என்று மின்சாரத்துக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நாற்பத்தொரு விடை கையில் இருந்தது. ஆறு பேட்டைகள் பாதியில் நின்றன. உள்ளேயே நுழையாமல் வாசலில் நின்றது ஒன்று, லா யாகுவா.

டாக்டர் அர்செனியோ கைப்பேசி வெளிச்சத்தில் அறிக்கை எழுதினார். பன்னிரண்டு பேட்டைகளின் பெயர். அதற்குக் கீழே ஒரு வரி: 'ஏழு பேட்டைகளில் அபாயம் ஏதும் பதிவாகவில்லை.'

சொராய்தா அதைப் படித்தாள். "பதிவாகலைங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணா டாக்டர்?"

"வாக்கியத்துல தப்பு இருக்கா, தோழர்?"

இல்லைதான். வாக்கியம் மாசற்றதாக இருந்தது. மூன்று மணிக்குக் கொசுப்புகை வண்டி கிளம்பிப் போயிற்று.

அடுத்த நாள் மின்சாரமே இல்லை. வெள்ளிக்கிழமை வந்தபோது மிச்சம் ஏழையும் ஓட்டினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. லா யாகுவா ஊரிலேயே மூன்றாவது அபாயமான பேட்டை என்று வந்தது. அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு லியூபாவிடம் ஓடினாள். லியூபா தாளைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "டேங்க் காலி, அக்கா. அடுத்த பெட்ரோல் எப்ப வரும்னு தெரியல."

பதினோரு நாள் கழித்து வந்தது. அதற்குள் லா யாகுவாவில் பத்தொன்பது வீட்டில் காய்ச்சல். ஒர்தென்சியாவின் கணவர் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலோடு கிடந்தார். அவருக்குச் சூப் எடுத்துக்கொண்டு போகும் வழியில் ஒர்தென்சியா சொராய்தாவின் ஜன்னலில் நின்று உள்ளே பார்த்துக் கத்தினாள்:

"ஏண்டி, அம்புட்டுப் பெரிய மெஷின வெச்சுக்கிட்டு சொந்தப் பேட்டைக்கு ஒரு பொட்டுப் பொகை வாங்கித் தர வக்கில்ல! ஒன்ன எதுக்குடி அங்க உக்கார வெச்சிருக்காங்க? கதவத் தெறந்து சாத்தவா?"

உள்ளே சொராய்தா கொசுவலைக்குள் படுத்திருந்தாள். முதல் நாள் இரவே அவளுக்கும் காய்ச்சல் கண்டிருந்தது. எலும்பை ஒவ்வொன்றாக யாரோ கழற்றி எண்ணிப் பார்ப்பது போல வலி. கத்திவிட்டுப் போன ஒர்தென்சியா திரும்பி வரும்போது ஆஸ்பத்திரியில் மிஞ்சிய சூப்பை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் வைத்தாள்.

சொராய்தா படுத்திருந்த அந்த வாரத்தில் டாக்டர் அர்செனியோ ஹவானாவுக்கு ரயிலேறினார். அங்கே நடந்த கூட்டமொன்றில் 'ஒரே எந்திரத்தில் நாற்பத்தெட்டு வேலைகள்: வளங்களை வீணாக்காத அனுபவம்' என்று பேசினார். சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டியிருக்கிறது. நன்றி சொன்ன இடத்தில் சொராய்தாவின் பெயரும் வந்ததாம், கொஞ்சம் எழுத்துப் பிழையோடு.

மூன்று வாரம் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். ஸ்வெட்டர் தொளதொளத்தது. படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கணக்கீட்டு அறையில் லியூபா காபிப் பிளாஸ்க்கோடு காத்திருந்தாள்.

"வாங்கக்கா. நீங்க இல்லாதப்ப நான்தான் ஓட்டினேன். ஆறைத் தொடல, பயப்படாதீங்க. ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளு கண்ணு."

"பெருசு மேல, சின்னது கீழதானே உங்க விதி? நான் வீட்டுக் கணக்கெல்லாம் எடுத்துப் பார்த்தேன். லா யாகுவா அவ்வளவு சின்னதில்ல. முறைப்படி அது முப்பத்தொம்பதாவது வரணும். அங்க இருந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். நீங்க ஏன் கொண்டுபோய் அடியில சொருகி வெச்சீங்க?"

சொராய்தா நாற்காலியின் கையைத் தடவினாள். "சொந்தப் பேட்டைய மேல தூக்கி வெச்சுக்கிட்டான்னு ஒரு நாக்கு பேசிறக் கூடாதுல்ல."

"யாரு தூக்கச் சொன்னா? அது எடத்துல அத விட்டிருக்கலாம்ல."

சொராய்தா ஸ்வெட்டரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. லியூபாவுக்குச் சங்கடமாகிவிட்டது. குரலை இறக்கினாள்.

"சரி விடுங்க. இன்னிக்கு லா யாகுவாவ முதல்ல போடுங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. எழுதி வேணும்னாலும் தர்றேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் புள்ள" என்றாள் சொராய்தா, வராந்தா வரை கேட்கும்படி. "இருக்கற எடத்துலயே இருக்கட்டும். விதின்னா விதி."

லியூபா பெருமூச்சு விட்டு, காபி ஊற்ற அந்தப் பக்கம் திரும்பினாள்.

சொராய்தா திரையருகே குனிந்தாள். ஸ்வெட்டர் போட்ட தோளால் திரையை மறைத்துக்கொண்டு பட்டியலின் அடிக்கு இறங்கினாள். லா யாகுவாவை ஒரே ஒரு வரி மேலே ஏற்றி, நாற்பத்தேழாவதாக வைத்தாள். லியூபாவின் முதுகை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, எண்டரை அழுத்தினாள்.