யொங் பெங் சாலையில் மாப்பிள்ளையின் கைப்பேசி

காலை 7.40. ஜோகூர் பாருவில் தங்கை செல்வியின் அடுக்குமாடி வீட்டிலிருந்து புறப்பட்டோம். போகவேண்டிய ஊர் சாஆ. இரண்டே எழுத்துதான் பெயர். சிகாமட் மாவட்டத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கேதான் செல்வியின் மாமியார் வீடு. மறுநாள் அவளுக்கு வளைகாப்பு. திண்டுக்கல்லிலிருந்து வளையல் பெட்டியோடு வந்திருந்தவன் நான் ஒருவன்தான். மூட்டு வலியால் அம்மாவால் வர முடியவில்லை. "போற வழியெல்லாம் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்புல போடுடா, நானும் கூட வந்த மாதிரி இருக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

செல்வியின் கணவர் குமரேசன் வண்டியை ஓட்டினார். நான் அவர் பக்கத்தில். ஏழு மாத வயிற்றோடு செல்வி பின் இருக்கையில், இரண்டு தலையணைகளுக்கு நடுவில். மாப்பிள்ளை தங்கமான மனிதர். தினமும் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வருகிறவர். ஒரே ஒரு குறை. அவருடைய கைப்பேசி 'டிங்' என்றால் அவருடைய கண்ணும் அங்கே போய்விடும். கட்டைவிரலால் இரண்டு எழுத்து தட்டிவிட்டுத்தான் சாலைக்குத் திரும்புவார்.

8.15. நெடுஞ்சாலை. வேகமுள் நூற்றுப்பத்தில் நின்றது. நான் ஒரு டோல் சாவடியைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். டிங். மாப்பிள்ளை குனிந்தார். முன்னால் ஒரு கொள்கலன் லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. என் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதித்தது. சிங்கப்பூர் வேலை இடத்துச் செய்திகளாக இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். யார் அனுப்புகிறார்கள் என்று கேட்பது மரியாதையாகுமா?

எங்கள் வீட்டில் மாப்பிள்ளையைக் குறை சொல்லிப் பழக்கமில்லை. காபியில் சர்க்கரை அதிகம் என்று அவர் சொன்னால் காபியைத்தான் மாற்றுவோம். அதனால் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

"இங்கெல்லாம் ஓட்டும்போது போன் பேசினா போலீஸ் பிடிக்காதா மாப்பிள்ளை?"

"பிடிப்பாங்க மச்சான், சம்மான் போட்டு அபராதம் வாங்கிருவாங்க. ஆனா நான் பேசல லா. பார்க்குறேன், அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே இன்னொன்றையும் பார்த்தார்.

8.50. மாச்சாப் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தினோம். தே தாரிக் இரண்டு ரிங்கிட் இருபது காசு. ஆற்றி ஆற்றி நுரை கட்டிய தேநீர், நம் ஊர் டம்ளரைப் போல இரண்டு மடங்கு. அதையும் படம் எடுத்துப் போட்டேன். செல்வி கழிப்பறைக்குப் போயிருந்த அந்த ஐந்து நிமிடம், மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்ல நல்ல வாய்ப்பு. வாயைத் திறந்தேன். "டீ அருமை மாப்பிள்ளை" என்றுதான் வந்தது. என்னை நானே அறையலாம் போலிருந்தது.

9.35. யொங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். இனி போகவும் வரவும் ஒரே சாலை, நடுவில் தடுப்பு கிடையாது. இருபுறமும் செம்பனை. இரவு பெய்த மழையில் தார் இன்னும் ஈரமாக இருந்தது. எதிரே குலைகளை மலையாக ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பயத்தை மறக்க மரங்களைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன்.

டிங். மாப்பிள்ளை ஒரு பதில் தட்டினார். மறுபடியும் டிங். மறுபடியும் குனிந்தார். வண்டி மெல்ல வலப்பக்கம் சாய்ந்து நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே வந்த லாரி ஹாரனை அடித்து விடாமல் அலறியது.

"மாப்பிள்ளை!" என்று கத்தினேன்.

அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரியின் காற்று எங்களை ஒரு உலுக்கு உலுக்கியது. சக்கரம் ஓரத்துச் சரளையில் இறங்கிக் குலுங்கி நின்றது.

"அலமாக்..." என்றார் மாப்பிள்ளை. "செல்வி? செல்விம்மா?"

செல்வி இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நாங்கள் இருவரும் திரும்பி அவளுடைய கைகளையே பார்த்தோம். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமியில்லை.

"அசையுது," என்றாள் கடைசியில். பிறகுதான் அழுதாள்.

காலடியில் விழுந்திருந்த மாப்பிள்ளையின் கைப்பேசியை நான் எடுத்தேன். வேலை இடத்துச் செய்தி ஒன்றுகூட இல்லை. எல்லாம் எங்கள் குடும்பக் குரூப். என் டோல் சாவடி, என் தேநீர், என் செம்பனை. குரூப் ஒலியை அணைத்துவிட்டு, படம் போட்டதும் கைப்பேசியைப் பையில் வைத்துக்கொண்ட நான் பதில்களைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அம்மா. 'டீ என்ன விலை மாப்பிள்ளை?' 'இது என்ன மரம் மாப்பிள்ளை?' ஒவ்வொன்றுக்கும் அவருடைய பதில். பதில் இல்லாதது கடைசிச் செய்தி மட்டும்தான்: 'பிள்ளைத்தாச்சிய வச்சுக்கிட்டு வேகமாப் போகாதீங்க மாப்பிள்ளை.'

"அத்தை கேட்குறாங்க, பதில் சொல்லாம எப்படி மச்சான்?" என்றார் அவர் தலைகுனிந்து. "மதிக்கலன்னு நினைச்சுட்டாங்கன்னா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? ஒவ்வொரு முறையும் அவரைக் குனியவைத்தது நான்தான். மரியாதை மரியாதை என்று வாயை மூடிக்கொண்டு படமும் போட்டுக்கொண்டிருந்தேன்.

செல்வி கையை நீட்டிக் கணவரின் கைப்பேசியை வாங்கித் தன் பைக்குள் போட்டாள். "அண்ணே, நீ ஒண்ணும் போட வேணாம். இவரும் ஒண்ணும் படிக்க வேணாம். அம்மா கோவிச்சா கோவிச்சுக்கட்டும்."

10.20. சாஆவுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர் இருந்தது. வேகம் அறுபது. என் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. ஊரில் அப்போது மணி எட்டுகூட ஆகியிருக்காது.

"என்னடா, போட்டோவே வரல? மாப்பிள்ளையும் பதில் போடல. அவர்கிட்ட குடு, ஒரு வார்த்தை பேசிடறேன்."

நான் எதுவும் சொல்லுமுன்பே, அம்மாவின் உரத்த குரல் கேட்ட பழக்கத்தில், மாப்பிள்ளையின் இடது கை ஸ்டியரிங்கை விட்டு என் பக்கம் நீண்டிருந்தது.

"குடுக்க மாட்டேம்மா. அவர் வண்டி ஓட்டுறார்."

"ஒரு வார்த்தைதானடா!"

"ஒரு வார்த்தையும் வேண்டாம்மா. போய்ச் சேர்ந்ததும் அவரே கூப்பிடுவார்."

அம்மா பட்டென்று வைத்துவிட்டாள். நீண்டிருந்த கை மெல்ல ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.