மேஸ்திரி மாற்றிச் சொன்ன சாட்சி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வெளியே வருகிறேன்... வாசலில் மேஸ்திரி ஞானமுத்து நின்றிருந்தார். "அண்ணாச்சி, நம்ம ஐயர்கிட்ட ஒண்ணு கேக்கணும். கூட வாரீகளா?" என்றார்.

ஞானமுத்துவைச் சிவகாசியில் பலருக்குத் தெரியும். பட்டாசு கம்பெனி ஒன்றில் மருந்து கலக்கும் ஷெட்டுக்கு மேஸ்திரி. அதட்டினால் ஷெட்டே அடங்கும். அப்பேர்ப்பட்டவருக்கு ஐயரிடம் — எங்கள் பாதிரியாரைச் சொல்கிறேன் — தனியாகப் போகப் பயமா?

பயம்தான். ஐயர் முன்னால் உட்கார்ந்ததும் கொட்டிவிட்டார். போன வருஷக் கோடையில் அவருடைய ஷெட் வெடித்து, அங்கே வேலை பார்த்த, பக்கத்து ஊரான விஸ்வநத்தத்து மாடசாமி இறந்துபோனார். வெயில் ஏறிவிட்டது, சூட்டில் மருந்து பற்றிக்கொள்ளும், கலவையை நிறுத்திவைக்கலாம் என்று மாடசாமி சொல்லியிருக்கிறார். ஆர்டர் அவசரம், இப்பவே கலக்கு என்று விரட்டியவர் ஞானமுத்து. ஆனால் விசாரணையில் அவர் சொன்னது வேறு. மாடசாமி பீடி பற்றவைத்தான் என்றார். அதுவும் பைபிளில் கை வைத்து!

"சொல்லாத, சொல்லாதன்னு உள்ளுக்குள்ள ஆவியானவர் தடுத்தாரு ஐயா. மீறித்தான் சொன்னேன். பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்துக்கு மன்னிப்பே கெடையாதாமே... அப்ப நான் தொலைஞ்சேனா?"

ஐயர் நிதானமாக விளக்கினார். பயத்தில் செய்கிற பாவமல்ல அது. கண்ணெதிரே கடவுள் செய்யும் நல்லதைத் தெரிந்தே பேயின் வேலை என்று தள்ளிவிட்டு, கடைசிவரை மனசைப் பூட்டிக்கொள்வது. அப்படிப் பூட்டிக்கொண்டவன் இப்படி அழுதுகொண்டு வந்து நிற்க மாட்டான் என்றார்.

மேஸ்திரிக்கு மூச்சு வந்தது. விஷயம் முடிந்தது என்று நானும் எழுந்தேன். ஐயர் விடவில்லை.

"மன்னிப்பு உண்டு ஞானமுத்து. ஆனா அந்தப் பொய் இன்னும் விஸ்வநத்தத்துல உயிரோட இருக்கே. அதை என்ன செய்யப்போறீங்க?"

அன்று மத்தியானமே நானும் மேஸ்திரியும் மாடசாமியின் மனைவி சீனியம்மாள் வீட்டுக்குப் போனோம். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டார். பீடி குடித்துச் செத்தவன் பிள்ளைகள் என்று ஊர் அவர் பிள்ளைகளை ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"வீட்டுக்குள்ள வந்து சொன்னா எப்படி? பொய்யை எல்லாரும் கேக்கத்தானே சொன்னீக. நெசத்தையும் எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

வேலை போகும், கேஸ் வரும் என்று திரும்பும் வழியில் மெதுவாக எடுத்துச் சொன்னேன். மேஸ்திரி நடையை எட்டிப் போட்டார்.

மறுநாள் காலை, கம்பெனி கேட். வேலைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், சாட்சியை மாற்றிச் சொன்னார். சாயங்காலத்துக்குள் வேலை போயிற்று. கேஸ் மறுபடி நடக்கிறது... என்ன ஆகும் என்று தெரியாது.

சீனியம்மாள் பிள்ளைகளோடு கேட்டுக்கு வந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் கிட்டே வந்தார். "எம் வீட்டுக்காரரு பேரு சுத்தமாயிருச்சு. ஆனா மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"வர்றப்ப வரட்டும்மா. வராட்டியும் நான் சொன்னது சொன்னதுதான்" என்றார் ஞானமுத்து.

மண்டிபோட்டு ஒரு ஜெபம், கண்ணில் நாலு சொட்டு — அதோடு பாவம் தீர்ந்தது என்று கிளம்பிவிடுகிறோமே... மனந்திரும்புவது என்றால், கெடுத்த இடத்துக்கே திரும்பிப் போவதும்தானே?

மேஸ்திரி இப்போது வேலை தேடுகிறார். இனிமேல் பொய் சொல்லவே வராத ஒரு மேஸ்திரி, உங்களில் யாருக்காவது வேண்டுமா?